குருசாமிமார்களுக்கு ஓர் அச்சகக்காரனின் திறந்த மடல்

எங்கள் ஊர் ஐயப்ப பக்தர் குழுக்களின் மரியாதைக்குரிய குருசாமிமார்களுக்கு,

சபரிமலைப் பயணத்துக்காக நீங்கள் கொடுத்த நோட்டீசை நான் அச்சடிக்கவில்லை. டிடிபி முடிந்து ப்ரூஃப் எடுத்தாயிற்று. மஞ்சள் தாள் இரண்டு ரீம் வாங்கி வைத்தாயிற்று. பிளேட் போடுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை படித்துப் பார்த்தபோது, நான்காவது வரியில் கை நின்றுவிட்டது.

"பொன்னம்பலமேட்டில் மனிதக் கைபடாமல் தானாகத் தோன்றும் மகரஜோதியைப் புல்மேட்டிலிருந்து நேருக்கு நேர் தரிசிக்க அரிய வாய்ப்பு. கன்னிசாமிகள், சிறுவர்கள், வயதான மாளிகைப்புறங்கள் அனைவரும் வரலாம். ஜோதி முடிந்ததும் இரவே புறப்பட்டு விடிவதற்குள் ஊர் திரும்பலாம்."

உங்களில் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, இந்த வரியை மாற்றலாமா என்று கேட்டேன். "வழக்கமாகப் போடுகிற வரிதானே, பழைய நோட்டீசைப் பார்த்து அப்படியே போடுங்கள்" என்றார். இன்னொருவர், ஐந்து குழுக்களும் சேர்ந்து உட்கார்ந்து எடுத்த முடிவு இது, ஒருவர் சொல்லி மாற்ற முடியாது என்றார். ஐந்து குழுக்களும் சேர்ந்து எடுத்த முடிவு என்பதால்தான் ஐந்து குழுக்களுக்கும் சேர்த்து, ஊரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

பழைய நோட்டீஸ் என்னிடம் இருக்கிறது. 2010 ஐப்பசியில் அடித்தது. அச்சடிக்கிற ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியைக் கோப்பில் குத்தி வைப்பது என் அப்பா காலத்துப் பழக்கம். "மனிதக் கைபடாமல் தானாகத் தோன்றும்" என்ற அந்த வரி அதிலும் இருக்கிறது. அதை எழுதியது எந்தக் குருசாமியும் இல்லை, நான்தான். கொடுத்த கையெழுத்துப் பிரதியில் "மகரஜோதி தரிசனம்" என்று மட்டுமே இருந்தது. வரி மொட்டையாக நிற்கிறதே என்று எடுப்பாக நாலு வார்த்தை சேர்த்தேன். பக்கத்தில் நிலா அளவுக்கு ஒரு ஒளிவட்டப் படமும் வைத்தேன். குருசாமி பார்த்துவிட்டு, "நன்றாக இருக்கிறது சாமி" என்றார். இப்போது நீங்கள் மரபு என்று சொல்கிற வரி, என் கடைக் கம்ப்யூட்டரில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பிறந்தது.

அந்த நோட்டீசை மடித்து அடுக்கியவன் என்னிடம் பைண்டிங் வேலை பார்த்த பையன். பத்தொன்பது வயது. அம்மா திராட்சைத் தோட்டத்துக் கூலிக்குப் போகிறவள். அந்த வருடம் அவனுக்குக் கன்னி மாலை, முதல் தடவை. நோட்டீசை மடித்துக்கொண்டே, "அண்ணே, நெருப்பு எப்படித் தானாக எரியும்?" என்று கேட்டான். மாலை போடும்போது குருசாமியிடம் கேட்டுக்கொள் என்றேன். அவன் கேட்கவும் செய்தான். தேவர்கள் ஏற்றுகிற விளக்கு அது, அதைப் பார்க்காமல் திரும்பினால் நாற்பத்தொரு நாள் விரதமும் அரைக்கிணறு தாண்டிய கதைதான் என்று பதில் வந்தது. சொன்னவர் இன்று இல்லை. அவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை. அவருக்கு அவர் குருசாமி சொன்னது அது.

2011 ஜனவரி 14, வெள்ளிக்கிழமை. முந்தின நாளே பம்பை வழியாகச் சன்னிதானம் ஏறி நெய்யபிஷேகம் முடித்துவிட்டோம். ஜோதிக்காகச் சுற்றிக்கொண்டு வண்டிப்பெரியாறு வந்து, வல்லக்கடவு வழியாகக் காட்டுப் பாதையில் புல்மேடு போய்ச் சேர்ந்தோம். எங்கள் வேனில் பதினாறு பேர். மரமே இல்லாத புல்வெளிச் சரிவு. காற்று வேட்டியைப் பிடித்து இழுத்தது. ஜீப்பின் கூரையில், பாறை மேல், தற்காலிகக் கடைகளின் கம்புகள் மேலெல்லாம் ஆட்கள். இத்தனை பேரும் எந்த வழியாகத் திரும்பப் போகிறோம் என்ற கேள்வி ஒருவருக்கும் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

இருட்டத் தொடங்கிய நேரத்தில், தூரத்து மலை முகட்டில், கறுத்த காட்டுக்கு நடுவே அது தெரிந்தது. நான் நோட்டீசில் போட்ட நிலாவெல்லாம் இல்லை. தீக்குச்சி நுனி அளவு வெளிச்சம். எரிந்தது, மறைந்தது. மறுபடி எரிந்தது, மறைந்தது. மூன்று முறை. மலை முழுக்கச் சரணம் எழுந்தது. என் உடம்பு சிலிர்த்தது, கண்ணில் நீர் வந்தது. அதில் பொய் எதுவும் இல்லை.

பக்கத்தில் நின்ற பையன் என் காதருகே, "சாமி, யாரோ தட்டில் கற்பூரம் வைத்துத் தூக்கிக் காட்டுகிற மாதிரி இருக்கிறது" என்றான்.

"வாயை மூடு சாமி, தெய்வக் குற்றமாகிவிடும்" என்றேன்.

முகம் சுண்டிப்போய் என்னைவிட்டு இரண்டடி பின்தங்கி நடக்க ஆரம்பித்தான். அவன் பார்த்ததுதான் சரி. அந்த மலையில் அன்று கூடியிருந்தவர்களில் தன் கண்ணை நம்பிய ஒரு ஆள் அவன். அவன் வாயை அடைத்தவன் நான்.

வெளிச்சம் மறைந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் திரும்பியது. விளக்கு கிடையாது. பாதை குறுகும் இடத்தில் இரு பக்கமும் வண்டிகள், கடைகள். முன்னால் என்ன நடக்கிறது என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது. இரவு எட்டு மணி இருக்கும், என் கால் தரையில் இல்லை என்பதை உணர்ந்தேன். நெஞ்சுக்கூட்டை இரண்டு பக்கமும் பலகை வைத்து அழுத்துவது போல இருந்தது. பின்னால் இருந்தவர்கள் சரணம் சொல்லிக்கொண்டே தள்ளினார்கள். விழுந்தவர்களும் சரணம் சொல்லித்தான் கத்தினார்கள். எது பக்தி, எது உயிர்ப் பயம் என்று காதுக்குப் பிரித்துத் தெரியவில்லை. சரிவில் நான் உருண்டு விழுந்த இடத்தில் புதர் இருந்தது. அதனால் இன்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே கறுப்பு வேட்டி, ஒரே துளசி மணி, ஒரே தாடி. முகங்கள் வீங்கியிருந்தன. அவனைக் கட்டைவிரல் நகத்தை வைத்து அடையாளம் கண்டேன். நகக்கண்ணில் எங்கள் அச்சக நீல மை. நாற்பத்தொரு நாளும் காலை மாலை குளித்தும் போகாத மை. தோள்பையில் அம்மாவுக்கு வாங்கிய அரவணைப் பிரசாத டப்பா இருந்தது. நசுங்கியிருந்தது, உடையவில்லை. அவள் அதைத் திறக்கவில்லை. இன்றும் அந்த வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பொங்கலுக்குப் பொங்கல் துடைத்து வைப்பாள்.

அந்த ஒரே இரவில் 100-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெரும்பாலானோர் தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் என்று வெளிமாநிலங்களிலிருந்து போனவர்கள். இதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பு, 1999-இல், அதே ஜனவரி 14 அன்று, பம்பை ஹில்டாப்பில் ஜோதி பார்க்கக் கூடிய கூட்டத்தில் 50-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். இரண்டும் மகரவிளக்கு நாள். இரண்டு இடத்திலும் கூட்டம் கூடியது மலை முகட்டில் தெரியும் அந்தச் சில நொடி வெளிச்சத்துக்காக. சன்னிதானத்துக்குக்கூட இல்லை.

நெரிசலுக்குக் காரணம் பாதை, போலீஸ், வண்டி நிறுத்தம் என்று சொல்வீர்கள். சரிதான், அவையும் காரணம். ஆனால் அத்தனை பேர் ஒரே நேரத்தில் ஒரே முகட்டைப் பார்த்தாக வேண்டும் என்று ஏன் நினைத்தார்கள்? அதைப் பார்க்காவிட்டால் விரதம் வீண் என்று அவர்களுக்குச் சொன்னது போலீசா?

இனி விளக்கு விஷயத்துக்கு வருகிறேன். இதில் ரகசியம் எதுவும் மிச்சமில்லை. 2008-லேயே சபரிமலையின் மூத்த தந்திரி, அதாவது தலைமைப் பூசகர், கண்டரரு மகேஸ்வரரு வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். மகரஜோதி என்பது வானத்தில் எழும் நட்சத்திரம், மகரவிளக்கு என்பது பொன்னம்பலமேட்டில் ஆட்கள் ஏற்றிக் காட்டும் தீபம், இரண்டும் வேறு என்றார். 2011 நெரிசலுக்குப் பிறகு கேரள உயர் நீதிமன்றம் இதைப் பற்றிக் கேட்டபோது, விளக்கை ஏற்றுவது மனிதர்கள்தான் என்று திருவிதாங்கூர் தேவசம் போர்டே ஒப்புக்கொண்டது. இவர்கள் யாரும் நாத்திகர்கள் இல்லை. ஐயப்பனுக்குப் பூசை செய்தவரும், அந்தக் கோயிலை நிர்வகிக்கிறவர்களும்தான். அவர்களே சொன்ன பிறகு, மலைக்கு இந்தப் பக்கம் கம்பம் பள்ளத்தாக்கில் உட்கார்ந்துகொண்டு நாம் மட்டும் "கைபடாமல்" என்று அச்சடித்துக்கொண்டிருப்பது யாரைக் காப்பாற்ற?

அந்தக் கை யாருடையது என்பதும் யோசிக்க வேண்டியது. பொன்னம்பலமேட்டில் தலைமுறை தலைமுறையாகத் தீபம் ஏற்றியவர்கள் தங்கள் முன்னோர்கள் என்கிறார்கள் மலையரையர்கள். அந்தக் காடுகளில் வாழ்ந்துவந்த பழங்குடி மக்கள். சன்னிதானத்தில் மகர சங்கிரமத் தீபாராதனை நடக்கும்போது, எதிர்மலையிலிருந்து அவர்கள் காட்டிய ஆரத்தி அது. பிற்காலத்தில் அந்த உரிமை தங்கள் கையைவிட்டுப் போய்விட்டது, திருப்பித் தாருங்கள் என்று அவர்கள் கேட்டுவருகிறார்கள். "கைபடாமல்" என்று நான் அச்சடித்த அந்த ஒற்றைச் சொல்லில், இத்தனை தலைமுறைக் கைகளையும் வெட்டி எறிந்திருக்கிறேன். அன்று இது எனக்குத் தெரியாது. இன்று நம் எல்லோருக்கும் தெரியும்.

கார்த்திகைத் தீபத்துக்குத் திருவண்ணாமலை போகாதவர் உங்களில் யாரும் இருக்க மாட்டீர்கள். 2,668 அடி உயர மலை உச்சிக்குக் கொப்பரையைத் தூக்கிப் போவது யார், திரி எங்கே தயாராகிறது, நெய் எத்தனை கிலோ என்பதெல்லாம் வருடா வருடம் செய்தித்தாளில் வருகிறது. 3,500 கிலோ நெய் என்று நானே எத்தனையோ முறை அச்சுக் கோத்திருக்கிறேன். தீபம் ஏற்றும் உரிமை பர்வதராஜ குலத்தினருடையது, அவர்களுக்குக் கோயிலில் மரியாதை செய்து அனுப்புகிறார்கள். இவ்வளவும் தெரிந்துதான் அந்தச் சாயங்காலம் லட்சக்கணக்கானவர்கள் உச்சியைப் பார்த்து அரோகரா என்கிறார்கள். ஏற்றியவர் யார் என்று தெரிந்ததால் கும்பிடுகிற கை ஒன்றாவது கீழே இறங்கியிருக்கிறதா? 2024 டிசம்பரில் அங்கே மண்சரிவில் வீடு புதைந்து உயிர்கள் போன பிறகு, அந்த வருடம் தீபத்தன்று பக்தர்கள் மலையேறக் கூடாது என்று சொன்னபோது, ஊர் கேட்டுக்கொண்டது. தீபம் எரிந்தது. கீழே நின்று கும்பிட்டார்கள்.

கன்னிசாமிகளின் நம்பிக்கையைக் கெடுக்காதே என்று உங்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். அவர் நல்ல மனிதர், பதினெட்டாம் வருடம் தென்னங்கன்று சுமந்து போனவர், என் கல்யாணத்துக்கு முன்னின்றவர். அவருக்கு என் பதில் இது. புல்மேட்டுக்குப் பிறகு ஐந்து வருடம் நான் மாலை போடவில்லை. பிறகு ஒரு சித்திரையில், மாதப் பூசைக்கு நடை திறந்திருந்தபோது, தனியாகப் போனேன். ஜோதி இல்லை, கூட்டமும் அவ்வளவாக இல்லை. நீலிமலை ஏற்றத்தில் ஒரு பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். பதினெட்டாம் படி ஏறி நடைக்கு முன்னால் முழுசாக ஒரு நிமிடம் நின்றேன். மகரவிளக்குக் காலத்தில் கண் சிமிட்டுவதற்குள் தள்ளிவிடுவார்களே, அந்த இடத்தில் ஒரு நிமிடம். முகப்பில் எழுதியிருக்கிற 'தத்வமசி'யை, 'நீயே அது' என்பதை, அன்றுதான் நிதானமாகப் படித்தேன். என் நம்பிக்கை போகவில்லை சாமி. போனது பயம் மட்டும்தான்.

காட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொன்னம்பலமேடு பெரியாறு புலிகள் காப்பகத்துக்கு உட்பட்ட காடு. அனுமதி இல்லாமல் யாரும் நுழையக் கூடாத இடம். 2023 மே மாதம் தமிழ்நாட்டிலிருந்து போன சிலர் அங்கே ஏறிப் பூசை செய்கிற காணொளி வெளியாகி, கேரள வனத்துறை வழக்குப் போட்டது. அதை நாம் எல்லோரும் கைப்பேசியில் பார்த்தோம். அதற்குப் பிறகும், "முடிந்தால் மேட்டுக்கே அழைத்துப் போக ஏற்பாடு செய்யலாம், ஆள் இருக்கிறது" என்று உங்கள் கூட்டத்தில் ஒருவர் பேசியதாகக் கேள்விப்பட்டேன். நோட்டீசில் அது இல்லை, வாய்ப்பேச்சுதான். ஆனால் தானாக எரிகிற இடம் என்று சொல்லிவிட்டால், அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவனைக் குறை சொல்ல முடியாது. விளக்கேற்றும் மேடை என்று சொல்லியிருந்தால், அங்கே போய்ப் பார்க்க என்ன இருக்கிறது? புல்மேடும் அப்படித்தான். யானையும் காட்டெருமையும் மேய்கிற புல்வெளி. ஜோதிக்கு மறுநாள் அதில் தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட் உறையும் கிழிந்த செருப்பும் கிடக்கும். செருப்புகளை நான் வேறு மாதிரியும் பார்த்திருக்கிறேன், அதைப் பற்றி எழுத வேண்டாம்.

வழக்கம் என்று நாம் பிடித்துக்கொண்டிருக்கிற பலவும் வழக்கமே இல்லை என்று சபரிமலைத் தந்திரிகளே சொல்லி வருகிறார்கள். பம்பையில் உடுத்திய துணியை வீசுவது சடங்கு இல்லை என்றார்கள். 2024-இல், இருமுடியில் கற்பூரம், ஊதுபத்தி, பன்னீர் எல்லாம் வேண்டாம் என்று எழுதினார்கள். நீங்களும் அதைக் கேட்டு, போன கட்டு நிறையில் இருமுடியைச் சுருக்கினீர்கள். பூசைப் பொருள் பட்டியலைத் திருத்தி அடித்தது நான்தான், அதனால் தெரியும். துணியிலும் ஊதுபத்தியிலும் தந்திரி சொல்லைக் கேட்கிற நாம், விளக்கு விஷயத்தில் மட்டும் ஏன் காதைப் பொத்திக்கொள்கிறோம்?

கூட்டம் குறைந்துவிடும் என்ற பயம் இருக்கலாம். ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கும் அந்த பயம் உண்டு. ஜோதி சீசன் நோட்டீஸ், அன்னதான ரசீது, பஜனைப் புத்தகம் என்று கார்த்திகை முழுக்க என் மெஷின் ஓடுவது உங்களால்தான். வேன்காரர், மாலைக் கடை, கறுப்பு வேட்டிக் கடை எல்லோரும் இதில்தான் இருக்கிறோம். இந்த மடலால் என் கடைக்கு வருகிற வேலை குறையலாம். குறையட்டும்.

உங்களிடம் நான் கேட்பது இவை.

முதலாவது, நோட்டீசிலிருந்து "மனிதக் கைபடாமல் தானாகத் தோன்றும்" என்ற வரியை எடுங்கள். அதன் இடத்தில் "பொன்னம்பலமேட்டில் ஏற்றப்படும் மகரவிளக்கு" என்று இருக்கட்டும். மூன்று வார்த்தை. எழுத்து அளவுகூட மாற வேண்டாம், அதே இடத்தில் பொருந்துகிறது, போட்டுப் பார்த்துவிட்டேன்.

கார்த்திகை முதல் தேதி மாலை போடும்போது ஒவ்வொரு கன்னிசாமிக்கும் நீங்களே உங்கள் வாயால் சொல்ல வேண்டும்: விளக்கை ஏற்றுவது மனிதர்கள், ஏற்றிவந்தவர்கள் மலையரையர்கள் என்று சொல்கிறார்கள், அதைப் பார்க்காமல் திரும்பினாலும் உன் விரதம் முழுமைதான். இந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்கு முக்கியம். முதல் இரண்டையும் சொல்ல உங்களுக்கு மனம் வராவிட்டால்கூட, இதை மட்டுமாவது சொல்லுங்கள். இதைக் கேட்டிருந்தால், அந்தக் குளிர்ச் சரிவுக்கு எங்கள் வேன் போயிருக்காது.

புல்மேட்டுக்குச் சிறுவர்களையும் வயதான மாளிகைப்புறங்களையும் இந்த வருடம் அழைத்துப் போகாதீர்கள். ஜோதி அன்று சன்னிதானத்திலும் புல்மேட்டிலும் நிற்காமல், தை பிறந்த பிறகோ, மாதப் பூசை நாட்களிலோ அவர்களுக்குத் தனிப் பயணம் வையுங்கள். அந்த நோட்டீசை நான் காசு வாங்காமல் அடித்துத் தருகிறேன்.

போயே தீருவோம் என்கிற பெரியவர்கள் போகட்டும். ஆனால் "இரவே புறப்பட்டு விடிவதற்குள்" என்பது வேண்டவே வேண்டாம். விளக்கு மறைந்ததும் நம் ஊர் ஆட்கள் ஒருவரும் எழக் கூடாது. இருந்த இடத்திலேயே உட்கார்ந்து பஜனை பாடுங்கள், அரை மணி, ஒரு மணி, கூட்டம் வடிகிற வரைக்கும். ஐந்து பேருக்கு ஒருவர் பொறுப்பு, அவர் கையில் டார்ச், அவர் பையில் ஐந்து பேரின் பெயரும் வீட்டு எண்ணும் எழுதிய சீட்டு. அந்தச் சீட்டு எங்களிடம் இல்லாததால், பதினாறு வீடுகளில் யார் வீட்டுக்கு என்ன செய்தி சொல்வது என்று தெரியாமல் ஒரு பகல் முழுக்கக் குமுளியில் நின்றோம். வனத்துறையும் போலீசும் எந்த இடம் வரை வண்டி, எத்தனை மணி வரை ஆட்கள் என்று அறிவிக்கிறார்களோ, அதற்கு மேல் ஒரு அடி வேண்டாம். பொன்னம்பலமேட்டுக்கு ஆள் வைத்துப் போகிற பேச்சு இந்தக் கூட்டத்தோடு முடியட்டும்.

கடைசியாக ஒன்று. மண்டல பூசை பஜனையில் இறந்துபோன குருசாமிகள் பெயரைச் சொல்லி விளக்கு வைக்கிறீர்கள். அந்த வரிசையில் புல்மேட்டில் போன நம் ஊர்க் கன்னிசாமி பெயரையும் இந்த வருடத்திலிருந்து சேருங்கள். மலையேறி முடிக்காதவனுக்கு அந்த வரிசையில் இடமில்லை என்று அப்போது சொன்னார்கள். அவன் மலையேறிவிட்டுத்தான் வந்தான். நெய்யபிஷேகத்துக்கு அவன் உடைத்த தேங்காய் மூடி என் பையில் இருந்தது. அவன் அம்மாவை அழைத்து, அவள் கையால் அந்த விளக்கை ஏற்றச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உங்கள் கூட்டம் இருக்கிறது என்று தெரியும். என்னையும் அழைத்தால் வருகிறேன். 2010 நோட்டீசையும் இந்த வருட ப்ரூஃபையும் எடுத்து வருகிறேன், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திருத்தச் சம்மதித்தால் திங்கட்கிழமை காலையில் பிளேட் போட்டு, மத்தியானத்துக்குள் கட்டுக் கட்டித் தருகிறேன். சம்மதமில்லை என்றால் முன்பணத்தைத் திருப்பித் தருகிறேன், மஞ்சள் தாள் இரண்டு ரீமையும் எடுத்துப்போய் வேறு கடையில் அடித்துக்கொள்ளுங்கள்.

சுவாமியே சரணம் ஐயப்பா.

உங்கள் நோட்டீசுகளை அச்சடித்து வருகிறவன்